ஆங்கில வாக்கியத்தில் சொற்கள் எப்படி இடம் மாறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடையிலும் ஆபீசிலும் மலையாளம், பரீட்சையில் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்து ப்ளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் ஆங்கில வாக்கிய அமைப்பைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெற்றோர் கேட்டவையும் சில உண்டு. ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் பிடிபடும்.

தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஏன் கவிழ்ந்துவிடுகிறது?

“நாய் பூனையைத் துரத்தியது”, “பூனையை நாய் துரத்தியது”, “துரத்தியது நாய், பூனையை”. எப்படிச் சொன்னாலும் ஓடுவது பூனைதான். ‘ஐ’ என்ற உருபு பூனையோடு ஒட்டிக்கொண்டு போவதால் அது எங்கே உட்கார்ந்தாலும் செயப்படுபொருள்தான். ஆங்கிலத்தில் “தி டாக் சேஸ்ட் தி கேட்” என்பதை “தி கேட் சேஸ்ட் தி டாக்” என்று மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். அங்கே உருபின் வேலையை இடம் செய்கிறது. வினைக்கு முன்னால் இருப்பது எழுவாய், பின்னால் இருப்பது செயப்படுபொருள்.

உருபு மறைந்தால் தமிழுக்கும் இதே பாடுதான். நம் இலக்கண உரையாசிரியர்கள் காட்டும் ‘புலி கொல் யானை’யை நினைத்துப் பாருங்கள். புலி கொன்ற யானையா, புலியைக் கொன்ற யானையா? ‘ஐ’ தொக்கி நிற்பதால் இரண்டு பொருளுக்கும் இடமுண்டு. ஆங்கிலம் ஏறக்குறைய முழுக்க முழுக்க அந்த நிலைமையில் வாழும் மொழி.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன, சொல்வரிசையும் இன்றைவிடத் தளர்வாக இருந்தது. அந்த விகுதிகள் நாளடைவில் தேய்ந்து உதிர, வரிசை இறுகியது. பழைய உருபுகளின் மிச்சம் இன்று பிரதிப்பெயர்களில் இருக்கிறது: ‘ஹி’ என்றால் அவன், ‘ஹிம்’ என்றால் அவனை.

அப்படியானால் ஆங்கிலத்தில் சொற்கள் நகரவே கூடாதா?

நகரலாம். ஆனால் நினைத்தபடி நகர முடியாது. போட்டு வைத்த தடங்களில் மட்டும்தான் போகும். இந்தப் பக்கம் முழுவதும் அந்தத் தடங்களைப் பற்றித்தான்.

நன்னூலில் எட்டுவகைப் பொருள்கோள் படித்திருப்பீர்கள். கொண்டுகூட்டு, அடிமறிமாற்று என்று செய்யுளில் இடம் மாறிக் கிடக்கும் சொற்களை எடுத்து எங்கே சேர்த்துப் பொருள் கொள்வது என்று வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்ததோடு விடாமல் உண்மையில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஆங்கில வினா வாக்கியம் சீக்கிரம் பிடிபடுகிறது. இடம் மாறிய சொல்லுக்கு வேறொரு சொந்த இடம் உண்டு என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்குப் புதிதில்லை.

ஒரு சொல் நகர்ந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அது விட்டுப்போன காலியிடத்தை வைத்துத்தான். “யூ பாட் எ ஷர்ட்” என்பதில் ‘பாட்’ என்ற வினைக்குப் பின்னால் ‘எ ஷர்ட்’ இருக்கிறது. “வாட் டிட் யூ பை ___?” என்று கேட்கும்போது அதே இடம் காலி. ‘பை’ என்ற வினைக்குச் செயப்படுபொருள் கட்டாயம் வேண்டும். ஆனால் பின்னால் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் வாக்கியம் சரியாக இருக்கிறது, ஏனென்றால் அந்தச் செயப்படுபொருள் ‘வாட்’ ஆக முன்னால் போய் நிற்கிறது.

பொள்ளாச்சி பஸ்ஸில் சீட்டின்மேல் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கியவரின் இடம் மாதிரி அது. ஆள் அங்கே இல்லை, ஆனாலும் இடம் அவருடையது, வேறு யாரும் உட்கார முடியாது. “வாட் டிட் யூ பை எ ஷர்ட்?” என்பது தவறு என்பதற்கு இதுதான் காரணம்.

அந்தக் காலியிடம் உண்மையா, இலக்கணக்காரர்களின் கற்பனையா?

நல்ல கேள்வி. வாக்கியத்தின் உள்ளமைப்பு ஒன்று, வெளியே கேட்கும் வடிவம் இன்னொன்று, இரண்டையும் இணைப்பவை விதிகள் என்ற கோணத்தை 1957-இல் அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி முன்வைத்தார். அதற்குப் பிறகுதான் இந்த ஆராய்ச்சி சூடு பிடித்தது. சொல் நகர்வதில்லை, முன்னால் இருக்கும் சொல்லுக்கும் பின்னால் உள்ள காலியிடத்துக்கும் ஒரு தொடர்பு மட்டுமே இருக்கிறது என்று சொல்லும் இலக்கணப் பள்ளிகளும் உண்டு. விளக்கத்தில் கருத்து வேறுபாடு இருந்தாலும் காலியிடம் ஒன்று இருக்கிறது என்பதில் இவர்களிடையே பெரிய சண்டை இல்லை.

காதால் கேட்கக்கூடிய சான்று ஒன்று சொல்கிறேன். வேகமாகப் பேசும்போது ‘வான்ட் டு’ என்பதை ‘வானா’ என்று சுருக்குகிறார்கள். “ஹூ டு யூ வான்ட் டு மீட் ___?” (நீ யாரைப் பார்க்க விரும்புகிறாய்?) என்பதை “ஹூ டு யூ வானா மீட்?” என்று சொல்லலாம். ஆனால் “ஹூ டு யூ வான்ட் ___ டு வின்?” (யார் ஜெயிக்க வேண்டும் என்று விரும்புகிறாய்?) என்பதை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் பெரும்பாலோர் “ஹூ டு யூ வானா வின்?” என்று சுருக்குவதில்லை. இரண்டாவதில் காலியிடம் ‘வான்ட்’டுக்கும் ‘டு’வுக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடம் இரண்டு சொற்களும் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. எனக்கு இந்த ஒரு உதாரணம் போதும், இலக்கணம் உயிருள்ளது என்று நம்ப.

கேள்வி கேட்கும்போது ‘டிட்’, ‘டஸ்’ எல்லாம் எங்கிருந்து வருகின்றன?

எங்கள் பக்கத்து நோட்டுப் புத்தகங்களில் அதிகம் பார்க்கும் தவறு “வாட் யூ ஆர் டூயிங்?” என்பதுதான். கேள்விச் சொல்லை முன்னால் கொண்டுவர வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. ஆங்கில வினாவில் இரண்டு நகர்வுகள் உண்டு. கேள்விச் சொல் வாக்கியத்தின் தலைக்குப் போகிறது. துணைவினை, அதாவது பள்ளியில் ‘ஹெல்பிங் வெர்ப்’ என்று சொல்கிறோமே அது, எழுவாயைத் தாண்டி முன்னால் வருகிறது. “யூ ஆர் டூயிங் வாட்” என்பதில் ‘வாட்’ முன்னே போனதும் ‘ஆர்’ எழும்பி ‘யூ’வைத் தாண்ட வேண்டும்: “வாட் ஆர் யூ டூயிங் ___?”

சரி, துணைவினையே இல்லாத வாக்கியத்தில் எது தாண்டும்? “யூ வென்ட்” என்பதில் தாண்டுவதற்கு ஆள் இல்லை. அதற்காகத்தான் ‘டூ’வை வரவழைக்கிறார்கள். காலம் காட்டும் பொறுப்பு முழுவதும் அதன் தலையில் ஏறிவிடுகிறது, அதனால் அது ‘டிட்’ ஆகிறது. மூலவினை வெறும் ‘கோ’ ஆகிவிடுகிறது. “வேர் டிட் யூ கோ?” காலம் ஒரே இடத்தில்தான் தங்கும். “வேர் டிட் யூ வென்ட்?” என்று எழுதினால் இறந்தகாலத்தை இரண்டு முறை எழுதியதாகிவிடும்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. மூலவினையே எழுவாயைத் தாண்டியது: “வாட் சே யூ?” என்றார்கள். 1500-க்கும் 1700-க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் ‘டூ’ கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி இன்றைய வடிவம் நிலைத்தது. ‘பீ’ வினை மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை, “ஆர் யூ ரெடி?” என்று அது இன்றைக்கும் தானே தாண்டிப் போகிறது.

“ஹூ கேம்?” என்பதில் மட்டும் ‘டிட்’ ஏன் இல்லை, டீச்சர்?

கேட்கப்படுவது எழுவாயையே. ‘ஹூ’ ஏற்கெனவே தலையில்தான் இருக்கிறது, துணைவினை தாண்டிப் போக நடுவில் யாரும் இல்லை. “ஹூ டிட் கேம்” தவறு. “ஹூ டிட் யூ ஸீ?” சரி, அங்கே எழுவாய் ‘யூ’ நடுவில் நிற்கிறது.

“டெல் மீ வேர் இஸ் தி பஸ் ஸ்டாண்ட்” சரியா?

பேச்சில் நம் நாட்டில் நிறையப் பேர் சொல்கிறார்கள், புரியவும் செய்கிறது. எழுத்தில் “டெல் மீ வேர் தி பஸ் ஸ்டாண்ட் இஸ்” என்று எழுதுங்கள். துணைவினை தாண்டுவது பெரும்பாலும் தலைமை வாக்கியத்தில் மட்டும்தான். கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் கேள்விச் சொல் மட்டும் முன்னால் வரும், எழுவாயும் வினையும் தங்கள் பழைய வரிசையில் இருக்கும். பரீட்சையில் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றச் சொல்லும் வினாவில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வாக்கியத்தை முன்னிடைச் சொல்லில் முடிக்கக் கூடாது என்று பழைய ஆசிரியர் சொன்னாரே?

‘அட்’, ‘வித்’, ‘ஃபார்’ போன்றவற்றைச் சொல்கிறீர்கள். 1672-இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இந்த வழக்கத்தைக் குறையாகச் சொன்னார். அது பின்னால் பள்ளிக்கூட விதியாக மாறிவிட்டது. ஆங்கிலம் பேசுபவர்களின் வாயில் அந்த விதி ஒருபோதும் குடியேறவில்லை. “வாட் ஆர் யூ லுக்கிங் அட் ___?” மிகச் சரியான ஆங்கிலம். “அட் வாட் ஆர் யூ லுக்கிங்?” என்றால் அரசாணை படிப்பது போல இருக்கும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இது கஷ்டமாக இருப்பது இயல்பே. ‘யாரோடு வந்தாய்?’ என்பதில் ‘ஓடு’வைப் பின்னால் விட்டுவிட்டு ‘யார்’ மட்டும் முன்னே போக முடியுமா? முடியாது. நம் உருபு பெயரைப் பிரியாது. ஆங்கில முன்னிடைச் சொல் பிரிந்து தனியாக நிற்கும். அதனால் “ஹூ டிட் யூ கம்?” என்று எழுதிவிட்டு ‘வித்’தை மறந்துபோகிறார்கள். காலியிடத்தைத் தேடினால் மறக்காது: “ஹூ டிட் யூ கம் வித் ___?”

“தி பென் விச் ஐ ரோட் வித் இட்” என்பதில் என்ன தவறு?

துண்டு போட்ட இடத்தில் ‘இட்’ உட்கார்ந்துவிட்டது. “தி பென் விச் ஐ ரோட் வித் ___” என்று காலியாக விடுங்கள்.

இதில் தமிழோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘நான் எழுதிய பேனா’, ‘நான் எழுதிய கடிதம்’, ‘நான் எழுதிய நாள்’. மூன்றிலும் ஒரே ‘எழுதிய’. பேனாவால் எழுதினோம், கடிதத்தை எழுதினோம், நாளில் எழுதினோம். எந்த உருபும் வெளியே தெரியவில்லை, கேட்பவரே ஊகித்துக்கொள்கிறார். ஆங்கிலம் அவ்வளவு தூரம் கேட்பவரை நம்புவதில்லை. ‘தி லெட்டர் ஐ ரோட் ___’, ஆனால் ‘தி பென் ஐ ரோட் வித் ___’. பெயரெச்சத்தை ஆங்கிலமாக்கும்போது ‘எந்த உருபு மறைந்திருக்கிறது?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு சொல் எவ்வளவு தூரம் நகரலாம்?

தூரத்துக்கு எல்லை இல்லை. “வாட் டு யூ திங்க் தி கண்டக்டர் செட் தி டிரைவர் சா ___?” (டிரைவர் எதைப் பார்த்தார் என்று கண்டக்டர் சொன்னதாக நினைக்கிறாய்?) என்பதில் ‘வாட்’ மூன்று வாக்கியங்களைத் தாண்டி வந்திருக்கிறது. இன்னும் நீட்டலாம், மூச்சு இருக்கும்வரை.

ஆனால் சில இடங்களிலிருந்து ஒரு அடி கூட வெளியே வர முடியாது. நான் மிகவும் விரும்பிச் சொல்லிக்கொடுக்கும் பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன்.

பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில் ஒருவர் கேட்கிறார்: “யார் வளர்த்த மாட்டை வாங்கினீங்க?” தமிழில் இதைவிடச் சாதாரணமான கேள்வி இல்லை. இதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்க முயலுங்கள்: “ஹூ டிட் யூ பை தி கௌ தட் ___ ரெய்ஸ்ட்?” ஆங்கிலம் பேசும் யாரும் இதை ஏற்க மாட்டார்கள். இன்னொன்று. வயிற்றுவலி என்று வந்தவரிடம் “என்ன சாப்பிட்டதால் வலிக்குது?” என்று கேட்கிறோம். “வாட் டஸ் யுவர் ஸ்டமக் ஹர்ட் பிகாஸ் யூ ஏட் ___?” என்று ஆங்கிலத்தில் கேட்க முடியாது. ‘இட்லியும் சட்னியும்’ போன்ற இணைப்பிலிருந்தும் ஒரு பாதியை மட்டும் உருவ முடியாது: “வாட் டிட் யூ ஈட் இட்லி அண்ட் ___?” நிற்காது.

பெயரை விளக்கும் எச்ச வாக்கியம், ‘பிகாஸ்’ போன்ற காரண வாக்கியம், ‘அண்ட்’ போட்டு இணைத்த தொடர் ஆகியவற்றுக்குள் இருக்கும் சொல் வெளியே நகர முடியாது. அமெரிக்க மொழியியலாளர் ஜான் ராபர்ட் ராஸ் 1967-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) அளித்த முனைவர் பட்ட ஆய்வில் இப்படிப்பட்ட இடங்களை ஒழுங்குபடுத்தி விவரித்து, ‘தீவுகள்’ என்று பெயரும் வைத்தார். தீவிலிருந்து கரைக்குப் பாலம் கிடையாது என்ற பொருளில்.

அப்படியானால் தமிழில் மட்டும் ஏன் கேட்க முடிகிறது? நம் கேள்விச் சொல் நகராமல் இருந்த இடத்திலேயே இருந்து கேள்வி கேட்கிறது. ‘யார் வளர்த்த’ என்பதில் ‘யார்’ தன் சொந்த இடத்தில்தான் இருக்கிறது; தீவை விட்டுக் கிளம்பாததற்குப் பாலம் எதற்கு? தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் திணறும்போது பெரும்பாலும் சொல் தெரியாமல் திணறுவதில்லை. தமிழில் எளிதாகக் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு ஆங்கிலத்தில் ஒற்றை வாக்கியமே இல்லை. அப்போது செய்ய வேண்டியது இரண்டாக உடைப்பதுதான்: “யூ பாட் எ கௌ. ஹூ ரெய்ஸ்ட் இட்?” மருத்துவரும் “யுவர் ஸ்டமக் ஹர்ட்ஸ். வாட் டிட் யூ ஈட்?” என்றுதான் கேட்பார். பிள்ளை திணறுவதைப் பார்த்து மந்தம் என்று முடிவு கட்டிவிடும் பெரியவர்கள் இதைத் தயவுசெய்து தெரிந்துகொள்ள வேண்டும்.

செயப்படுபொருளை முதலில் சொல்ல ஆசை. என்ன செய்வது?

“மாங்காயையெல்லாம் வியாபாரி வாங்கிட்டுப் போயிட்டாரு” என்று எங்கள் பக்கத்து முதலமடை ஊர்க்காரர் பேசுவார். பேச்சு மாங்காயைப் பற்றியது, அதனால் அது முன்னால் வருகிறது. இதையே ஆங்கிலத்தில் “தி மேங்கோஸ் பாட் எ டிரேடர்” என்றால் மாங்காய் வியாபாரியை விலைக்கு வாங்கியதாக ஆகும். அங்கே செயப்பாட்டு வினைதான் கைகொடுக்கும்: “தி மேங்கோஸ் வேர் பாட் ___ பை எ டிரேடர்.” செயப்படுபொருள் எழுவாயின் இடத்துக்கு நகர்ந்து, தன் பழைய இடத்தைக் காலி செய்துவிட்டது. தமிழில் ‘படு’ சேர்த்த வாக்கியம் பேச்சில் அரிது. உருபு இருக்கும்போது அதற்குத் தேவை குறைவு. எனவே செயப்பாட்டு வினையை வெறும் மாற்றி எழுதும் பயிற்சியாக நினைக்காதீர்கள். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதை முன்னால் வைக்க ஆங்கிலத்துக்கு இருக்கும் முக்கியமான வழி அது.

மலையாளம் தெரிந்திருப்பது உதவுமா, குழப்புமா?

உதவும். மலையாளத்தில் “நீ எந்தாணு வாங்ஙியது?” என்று கேட்கிறார்கள், “ரவியாணு வந்நது” என்று பதில் சொல்கிறார்கள். ‘ஆணு’ போட்டு ஒரு சொல்லை மட்டும் தூக்கிக் காட்டும் இந்த அமைப்பு ஆங்கிலத்தின் “இட் வாஸ் ரவி ஹூ ___ கேம்” என்பதற்கு மிக நெருக்கம். தமிழில் “வந்தது ரவிதான்” என்போம். கோயம்புத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய இதை எங்கள் பிள்ளைகள் ‘ஆணு’ என்றதும் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. ‘வந்தேன்’, ‘வந்தாள்’ என்று தமிழ் வினை ஆளைக் காட்டிவிடுவதால் எழுவாயை விட்டுவிடும் பழக்கம் நமக்கு உண்டு. மலையாளத்தில் ஞான், அவள், அவர் எல்லோருக்கும் ஒரே ‘வந்நு’தான். வினை ஆளைக் காட்டாத மொழி ஒன்று காதில் விழுந்து பழகியிருப்பதால், ஆங்கிலத்தில் எழுவாயைச் சொல்லியாக வேண்டும் என்பதை விளக்குவது சுலபமாகிறது.

“டர்ன் ஆஃப் இட்” என்று ஏன் சொல்லக் கூடாது?

‘டர்ன் ஆஃப் தி மோட்டார்’ சரி, ‘டர்ன் தி மோட்டார் ஆஃப்’ என்பதும் சரி. பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான்: ‘டர்ன் இட் ஆஃப்’. ஆனால் ‘லுக் அட் இட்’ என்பதில் ‘அட்’ முன்னிடைச் சொல், அது இடம் மாறாது.

‘ஒன்லி’, ‘டெய்லி’ போன்றவற்றை எங்கே வைப்பது?

‘தான்’ என்பதை நாம் எந்தச் சொல்லோடும் ஒட்டுவோம். அந்தப் பழக்கத்தில் “ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி” என்கிறோம். நம்மிடையே பேச அது போதும். வெளியே எழுத “ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே” என்று முன்னால் வையுங்கள். “ஐ ட்ரிங்க் டெய்லி காபி” வேண்டாம். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் ஆங்கிலம் வேறு ஆளை விடுவதில்லை. ‘ஐ ட்ரிங்க் காபி டெய்லி’ என்று கடைசியில் போட்டுவிடலாம்.

இதையெல்லாம் எப்படிப் பழகுவது?

பென்சில் எடுத்துக்கொண்டு ஆங்கில நாளிதழில் உள்ள கேள்விகளிலும் ‘ஹூ’, ‘விச்’ வரும் வாக்கியங்களிலும் காலியிடத்தைத் தேடிச் சின்ன வட்டம் போடுங்கள். பிறகு முன்னால் உள்ள சொல்லோடு கோடு போட்டு இணையுங்கள். தொடக்கத்தில் மெதுவாகத்தான் வரும். வினையைப் பிடித்து, ‘இதற்கு என்ன குறைகிறது?’ என்று கேட்டால் இடம் கிடைத்துவிடும்.

ஒன்று செய்து காட்டுகிறேன். “விச் கேட் டிட் தி வாட்ச்மேன் சே ஹி ஹாட் லாக்ட்?” வினைகள் இரண்டு: ‘சே’, ‘லாக்ட்’. ‘சே’க்கு என்ன குறைகிறது? ஒன்றுமில்லை, சொன்ன செய்தி அடுத்ததாக வந்துவிடுகிறது. ‘லாக்ட்’டுக்கு? எதைப் பூட்டினார் என்பது இல்லை. வட்டம் ‘லாக்ட்’டுக்குப் பின்னால் விழுகிறது, கோடு ‘விச் கேட்’டுக்குப் போகிறது. வாட்ச்மேன் எந்தக் கேட்டைப் பூட்டியதாகச் சொன்னார் என்பதுதான் கேள்வி. ‘டிட்’ எங்கிருந்து வந்தது என்பதை மேலே படித்ததை வைத்து நீங்களே சொல்லிப் பாருங்கள்.